வாசகர் கேள்வி பதில்: கட்டளையும் எண், ஆசையும் எண்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே ஜான் வான் நியூமன் என்ற பெயரைச் சொல்லிவிட்டு, அவர் யார் என்று விளக்காமல் நகர்ந்துவிட்டேன். அதைக் கேட்டு வந்த மெயில்களும் கடிதங்களும் ஒரு பகுதி முழுக்க நிரம்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த கணித மேதை அவர். சரி, இந்த முறை முழுக்க அவர்தான்.

கேள்வி: இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறேன். 'வான் நியூமன் ஆர்கிடெக்சர்' என்று நான்கு கட்டமும் சில அம்புக்குறியும் போட்ட படம் ஒன்று பாடத்தில் இருக்கிறது. வரைந்தால் மார்க் வந்துவிடும். ஆனால் அதில் அப்படி என்ன பெரிய விஷயம் என்று புரியவில்லை. (மாணவி, கோயம்புத்தூர்)

அந்தக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிடும்மா. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

1944 கோடைக்காலம். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்து அபர்டீன் ரயில் நிலையம். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரி, அவரும் கணிதம் படித்தவர்தான், ரயிலுக்குக் காத்திருக்கிறார். அதே பிளாட்பாரத்தில் வான் நியூமன் நிற்பதைப் பார்த்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். முதலில் சாதாரணப் பேச்சு. பிலடெல்பியாவில் ஒரு மின்னணு இயந்திரம் கட்டிக்கொண்டிருக்கிறோம், அது நொடிக்கு 333 பெருக்கல் போடும் என்று சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருந்தவரின் முகமே மாறிவிட்டது, அதற்கப்புறம் நடந்தது அரட்டை இல்லை, முனைவர் பட்டத்துக்கு வைக்கும் வாய்மொழித் தேர்வு மாதிரி இருந்தது என்று கோல்ட்ஸ்டைன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்த இயந்திரம்தான் எனியாக். பழைய வால்வு ரேடியோவில் நாலைந்து வால்வு இருக்கும் இல்லையா, இதில் சுமார் 18,000 வால்வு. எடை 30 டன். கணக்குப் போடும் வேகம் அன்றைக்கு யாரும் கேள்விப்படாதது. ஆனால் ஒரு கணக்கை முடித்துவிட்டு வேறு வகைக் கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி, சரிபார்த்து முடிக்கவே நாள்கணக்கில் ஆகும். கணக்கு சில நிமிடம், அதற்கான ஏற்பாடு சில நாள். கட்டளை என்பது வயரில் இருந்தது, எண் என்பது மெமரியில் இருந்தது, இரண்டும் இரண்டு வேறு ஜாதிப் பொருள்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1945 ஜூன் 30 தேதியிட்டு வான் நியூமன் எழுதிய அறிக்கை, எட்வாக் என்ற அடுத்த இயந்திரத்துக்கான முதல் வரைவு, 101 பக்கம் தட்டச்சு செய்தது. அதில் இருக்கும் மையமான விஷயம் இதுதான்: 'கூட்டு', 'பெருக்கு', 'இங்கே போ' என்ற கட்டளைகளையும் எண்களாகவே எழுதலாம், எழுதினால் கணக்குக்கான எண்கள் இருக்கிற அதே மெமரியில் அவற்றையும் போட்டு வைக்கலாம். வயரைத் தொடவே வேண்டாம். இதை உன் கையிலேயே பார்க்கலாம். ஒரு ஆப் டவுன்லோடு ஆகும்போது அது வெறும் டேட்டா, ஒரு போட்டோ வருவது போலத்தான் வருகிறது. நீ அதைத் தொட்டுத் திறந்த அடுத்த நொடியில் அதே பைட்டுகள் கட்டளைகளாக மாறி போனை ஆட்டி வைக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை என்று ஆக்கியதுதான் உன் பாடப்புத்தகத்துப் படம்.

அதோடு ஒரு தொல்லையும் வந்தது, அதையும் தேர்வில் எழுது. கட்டளையும் டேட்டாவும் ஒரே மெமரியில் இருப்பதால் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் பிராசஸருக்கு வர வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், சாமான் அறைக்கு ஒரே ஒரு குறுகிய கதவு என்றால் காய்கறி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தக் கதவு நெரிசலுக்கு 'வான் நியூமன் பாட்டில்நெக்' என்று பெயர் வைத்தவர் ஜான் பேக்கஸ் என்ற கணினி அறிஞர், 1977ல். அந்தக் கதவை அகலப்படுத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர் வான் நியூமன் என்று சொல்லலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். எனியாக்கைக் கட்டியவர்கள் பிரெஸ்பர் எக்கர்ட், ஜான் மாக்லி என்ற இரண்டு பேர். அடுத்த இயந்திரத்தில் கட்டளைகளை மெமரியில் வைப்பது பற்றி வான் நியூமன் வருவதற்கு முன்பே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த 101 பக்க வரைவின் முகப்பில் இருந்தது வான் நியூமனின் பெயர் ஒன்றுதான். அதைப் பல இடங்களுக்கு அனுப்பி வைத்தவர் கோல்ட்ஸ்டைன். எக்கர்ட்டும் மாக்லியும் கடைசிவரை இதை மறக்கவில்லை. போதாததற்கு எனியாக் காப்புரிமை வழக்கில் 1973ல் தீர்ப்பு வந்தபோது, காப்புரிமை செல்லாமல் போனதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த வரைவு வெளியே சுற்றியதே 'வெளியீடு' ஆகிவிட்டது என்பது. இங்கிலாந்தில் ஆலன் டூரிங் 1936லேயே காகிதத்தில் ஒரு பொது இயந்திரத்தைக் கற்பனை செய்து நிரூபித்துக் காட்டியிருந்தார். வான் நியூமனுக்கு அது தெரியும், டூரிங்கைத் தான் வேலை செய்த பிரின்ஸ்டனிலேயே தன்னோடு வைத்துக்கொள்ளவும் விரும்பினார்.

வான் நியூமன் செய்தது என்னவென்றால், வால்வு, வயர் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை எந்த வால்வும் வேண்டாத தர்க்கமாக எழுதிக்காட்டினார். அந்த வரைவில் மூளை நரம்புசெல்களைப் பற்றிய சொற்களைக் கடன் வாங்கித்தான் பாகங்களை விளக்குகிறார். அதனால் டிரான்சிஸ்டர் வந்தபோதும் சிப் வந்தபோதும் அந்த வரைபடம் பழசாகவில்லை. அப்புறம், பிரின்ஸ்டனில் தன் குழு கட்டிய கணினியின் வடிவமைப்பைக் காப்புரிமைக்குள் பூட்டாமல் அறிக்கை அறிக்கையாக எல்லாருக்கும் கொடுத்தார். அந்த இயந்திரத்தின் மொத்த மெமரி 40 பிட் அளவில் 1,024 சொற்கள், அதாவது 5 கிலோபைட். உங்கள் போனுக்குக் காலையில் வருகிற ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதில் அடங்காது.

கேள்வி: சீட்டாட்டத்தை வைத்து ஒரு கணிதம் உண்டாக்கினார் என்று எழுதியிருந்தீர்கள். விளையாட்டில் பெரிய கணிதம் என்ன இருக்க முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, விருதுநகர்)

டீச்சர், சின்ன வயதில் புளியங்கொட்டை வைத்து 'ஒத்தையா ரெட்டையா' ஆடியிருப்பீர்கள். சீட்டை விட அதை வைத்தே சொல்கிறேன், கணக்கு அதில் பளிச்சென்று தெரியும்.

விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். நீங்கள் உள்ளங்கையில் ஒரு கொட்டையோ இரண்டு கொட்டையோ வைத்து மூடுகிறீர்கள். நான் ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கையில் இருப்பது எனக்கு. தவறினால் நான் உங்களுக்கு ஒரு கொட்டை தர வேண்டும். நாள் முழுக்க ஆடுகிறோம். நீங்கள் எப்படி ஒளித்தால் உங்களுக்கு நஷ்டம் குறைவு?

ஒன்றையே வைத்துக்கொண்டிருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அப்படியானால் காசு சுண்டிப் பார்த்துப் பாதிக்குப் பாதி வைக்கலாமே என்று தோன்றும். 10 ஆட்டத்தில் ஐந்து முறை ஒன்று, ஐந்து முறை இரண்டு. நான் யோசிக்காமல் 'ரெட்டை, ரெட்டை' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஐந்து முறை ஜெயித்து 10 கொட்டை வாங்குவேன், ஐந்து முறை தோற்று ஐந்து கொடுப்பேன். உங்களுக்கு ஐந்து கொட்டை நஷ்டம்.

இப்போது இப்படி வையுங்கள்: ஐந்து ஆட்டத்துக்கு மூன்று முறை ஒன்று, இரண்டு முறை இரண்டு, ஆனால் எப்போது எது என்று உங்களுக்கே தெரியாதபடி சீட்டுக் குலுக்கிப் போட்டு. நான் 'ஒத்தை' என்றே சொன்னால் மூன்று முறை ஜெயித்து மூன்று கொட்டை, இரண்டு முறை தோற்று இரண்டு போகும், மிச்சம் ஒன்று. 'ரெட்டை' என்றே சொன்னால் இரண்டு முறை ஜெயித்து நான்கு கொட்டை, மூன்று முறை தோற்று மூன்று போகும், மிச்சம் அப்போதும் ஒன்று. நான் எப்படிக் கலந்து சொன்னாலும் சராசரியாக ஐந்து ஆட்டத்துக்கு ஒரு கொட்டைக்கு மேல் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. என் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நானும் அதே மூன்றுக்கு இரண்டு கணக்கில் குலுக்கிச் சொன்னால், நீங்கள் என்ன செய்தாலும் ஐந்து ஆட்டத்துக்கு ஒரு கொட்டையை எனக்குக் கிடைக்காமல் தடுக்க முடியாது.

நீங்கள் 'இதற்கு மேல் விடமாட்டேன்' என்று பிடிக்கிற எல்லையும், நான் 'இதற்குக் கீழே இறங்கமாட்டேன்' என்று பிடிக்கிற எல்லையும் ஒரே எண்ணில் வந்து முட்டுகின்றன. இருவர் ஆடி, ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டமாக இருக்கும், முடிவுள்ள எந்த ஆட்டமானாலும் இப்படி முட்டியே தீரும் என்று நிரூபித்ததுதான் மினிமேக்ஸ் தேற்றம். 1928ல் வெளிவந்தது, அப்போது அவருக்கு வயது 24.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. எதிராளியின் மனதில் என்ன ஓடுகிறது, நான் நினைப்பதை அவன் நினைப்பான், அவன் நினைப்பதை நான் நினைப்பேன் என்று முடிவே இல்லாமல் சுழலும் அந்தச் சுழலை ஒரு குலுக்கல் அறுத்துவிடுகிறது. போக்கர் என்ற சீட்டாட்டத்தில் கையில் ஒன்றும் இல்லாதபோது பெரிய சீட்டு இருப்பது போல மிரட்டுவது ஏமாற்று வேலை, குணக்கேடு என்றுதான் நினைப்போம். வான் நியூமன் அதையும் கணக்காக்கினார். ஒருபோதும் மிரட்டாதவனின் நல்ல சீட்டுக்குப் பணம் வராது, எப்போதும் மிரட்டுபவன் மாட்டிக்கொள்வான், ஆகவே எத்தனைக்கு எத்தனை முறை மிரட்ட வேண்டும் என்று ஒரு சரியான அளவே இருக்கிறது.

கேள்வி: ஆட்டம் சரி. பொருளாதாரத்துக்கு இவர் என்ன செய்தார்? நான் வணிகவியல் பாடம் எடுக்கிறேன், எங்கள் பாடத்தில் இவர் பெயரே இல்லை. (விரிவுரையாளர், ஈரோடு)

பெயர் இல்லாமல் இருக்கலாம், ஆள் இருக்கிறார். 1944ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து 'ஆட்டங்களின் கோட்பாடும் பொருளாதார நடத்தையும்' என்ற 600 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை வெளியிட்டார். அதுவரை பொருளாதாரத்தில் ஒரு வியாபாரி என்பவர் சந்தை விலையைப் பார்த்துத் தன் முடிவைத் தானே எடுக்கும் தனியாள். எதிர்க்கடைக்காரர் நாளைக்கு விலையைக் குறைப்பாரா, குறைத்தால் நான் என்ன செய்வேன் என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பாரா என்ற கேள்வி, ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் நிற்கிற யாருக்கும் தெரிந்த கேள்வி, அதற்குள் சரியாக நுழையவில்லை. அதை நடுவீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்த புத்தகம் இது.

அதில் ஒரு சிறிய பகுதி எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. ஒருவருக்கு ஒரு பொருள் மேல் எவ்வளவு ஆசை என்று அளக்க முடியுமா? பொருளாதாரத்தில் பலரும் முடியாது, 'இதை விட அது பிடிக்கும்' என்று வரிசைதான் போடலாம் என்றார்கள். சரி, இப்படி அளந்து பாருங்கள். உங்களுக்குக் காபி மிகவும் பிடிக்கும், டீ பரவாயில்லை, வெந்நீர் கடைசி. இப்போது டீ நிச்சயம் தருகிறேன், அல்லது ஒரு குலுக்கல், விழுந்தால் காபி, விழாவிட்டால் வெந்நீர். காபி விழும் வாய்ப்பு 10 சதவீதம் என்றால் டீயே போதும் என்பீர்கள். 95 என்றால் குலுக்கலுக்கு வருவீர்கள். நடுவில் ஏதோ ஓர் இடத்தில், 70 என்று வைத்துக்கொள்வோம், எதுவானாலும் சரி என்று ஆகிவிடும். வெந்நீருக்கு 0, காபிக்கு 100 என்றால் உங்கள் டீ ஆசை 70. சில எளிய விதிகளை ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவரது ஆசைகளை இப்படி எண்ணாக்கிவிடலாம் என்று நிரூபித்தார்கள். காப்பீடு, முதலீடு, ரிஸ்க் என்று நீங்கள் எடுக்கிற பாடத்தின் அடியில் இதுதான் ஓடுகிறது. மனிதர்கள் நிஜத்தில் அந்த விதிகளை மீறுகிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியதும், மீற ஒரு விதி தெளிவாக எழுதியிருந்ததால்தான்.

இன்னும் இரண்டு. 1937ல் வந்த ஒரு கட்டுரையில், எல்லாப் பொருளும் வேறு பொருளிலிருந்தே உற்பத்தியாகி விரிந்துகொண்டே போகும் ஒரு பொருளாதாரத்தை எடுத்துக்கொண்டு, அதன் வளர்ச்சி வீதமும் வட்டி வீதமும் ஒன்றாகும் என்று காட்டினார். அதற்குப் பயன்படுத்திய கணிதம் பொருளாதாரத்துக்கு முற்றிலும் புதிது. அப்புறம் 1947 அக்டோபரில் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற இளைஞர், எந்த ஆலையிலிருந்து எந்தக் குடோனுக்கு எத்தனை லோடு அனுப்பினால் செலவு குறையும் என்பது போன்ற கணக்குகளுக்கு வழி தேடி அவரைப் பார்க்கப் போனார். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றிப் பாடமே எடுத்துவிட்டார். என் ஆட்டக் கணக்கும் உங்கள் கணக்கும் ஒரே கணிதம்தான், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஜோடிக் கணக்கு உண்டு என்று சொன்னார். டுவாலிட்டி என்று நீங்கள் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பில் எடுப்பது அதைத்தான்.

கேள்வி: இவ்வளவு செய்தவருக்கு நோபல் ஏன் இல்லை? (வாசகர், மதுரை)

கணிதத்துக்கு நோபல் கிடையாது. பொருளாதார நோபல் முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1969ல். வான் நியூமன் இறந்தது 1957ல். ஆட்டக் கோட்பாட்டுக்காக 1994ல் ஜான் நாஷ், ஹார்சனி, செல்டன் மூவரும் வாங்கினார்கள். நாஷ் மாணவராக இருந்தபோது தன் சமநிலைக் கருத்தை (யாரும் தான் மட்டும் ஆட்டத்தை மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை) வான் நியூமனிடம் கொண்டுபோனார் என்றும், அவர் அதைச் சாதாரண விஷயமாக ஒதுக்கிவிட்டார் என்றும் சொல்வார்கள். ஆனால் இருவர் மட்டுமல்லாமல் பலர் ஆடும், ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்று இல்லாத ஆட்டங்களுக்குப் பொருந்தியது நாஷின் கருத்துதான். பெரியவர் அங்கே பார்க்கத் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: புயல் வரும்போதெல்லாம் 'மாடல் இப்படிக் காட்டுகிறது' என்கிறார்களே, அதிலும் வான் நியூமனுக்குப் பங்கு உண்டு என்று மகன் சொல்கிறான். நிஜமா? (மீனவர், கடலூர்)

நிஜம்தான் அண்ணே, மகன் சரியாகப் படித்திருக்கிறார். காற்று, அழுத்தம் இவற்றின் சமன்பாடுகளை வைத்து நாளைய வானிலையைக் கணக்கிடலாம் என்று இங்கிலாந்தின் ரிச்சர்ட்சன் முன்பே கையால் போட்டுப் பார்த்தார், ஆறு மணி நேர வானிலைக்கு வாரக்கணக்கில் உழைத்தும் விடை தப்பாக வந்தது. 1950ல் வான் நியூமனும் ஜூல் சார்னி என்ற வானிலை அறிஞரின் குழுவும் எனியாக்கில் அதைப் போட்டார்கள். 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது, வானிலையோடு சேர்ந்தே ஓடியது கணக்கு. ஆனாலும் விடை உருப்படியாக வந்தது. வந்தவர்களுக்கு அந்த இயந்திரத்துக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொடுத்தவர் வான் நியூமனின் மனைவி கிளாரா. அவர் பெயர் பல இடங்களில் விட்டுப்போகிறது, இங்கே போகக் கூடாது.

கேள்வி: தமிழர்கள் யாராவது இவரோடு வேலை செய்திருக்கிறார்களா? (மாணவர், யாழ்ப்பாணம்)

செய்திருக்கிறார், அதுவும் சாதாரண ஆள் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், பின்னாளில் நோபல் வாங்கிய அதே சந்திரசேகர்தான். விண்மீன்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும்போது ஒரு விண்மீன் மேல் விழும் ஈர்ப்பு விசை எப்படி ஏறி இறங்கும் என்று இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1942லும் 1943லும் வந்தன. இன்னொரு தொடர்பும் இருக்கிறது. பிரின்ஸ்டனிலிருந்து வெளியே போன அந்த அறிக்கைகளின் வழியில் உலகில் பல இடங்களில் கணினி கட்டினார்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. 1960ல் ஓடத் தொடங்கியது, 1962ல் நேரு அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர்.

கேள்வி: அணுகுண்டு செய்ய உதவியவரைப் போய் இப்படிப் புகழ்கிறீர்களே? (வாசகி, நாகர்கோவில்)

கோபம் நியாயமானது. புளூட்டோனியம் உருண்டையைச் சுற்றிலும் வெடிமருந்து வைத்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக உள்நோக்கி நசுக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் குண்டு வெடிக்காது. அந்தக் கணக்கில் வான் நியூமனின் பங்கு பெரியது. அது நாகசாகியில் விழுந்தது. எந்த ஊர்களில் போடலாம் என்று பார்த்த குழுவிலும் அவர் இருந்தார். போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்தை அது பலம் பெறுவதற்கு முன்பே தாக்கிவிட வேண்டும் என்று சொன்னவர்கள் பக்கம் இருந்தார். ஹங்கேரியில் பிறந்த யூதர், 1919ல் அங்கே நடந்த கம்யூனிஸ்ட் ஆட்சியையும் அப்புறம் ஹிட்லரையும் பார்த்தவர் என்று காரணம் சொல்வார்கள். காரணம் புரிகிறது, என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆட்டத்தில் எதிரே இருந்தது புளியங்கொட்டை இல்லை. நான் மேலே புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் இதற்காகத் திரும்ப எடுக்கவில்லை, இதை மறைக்கவும் மாட்டேன்.

கேள்வி: அவரது கடைசிக் காலம் எப்படி இருந்தது? (வாசகர், சேலம்)

1955ல் புற்றுநோய் தெரியவந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் கணினியையும் மூளையையும் ஒப்பிட்டுப் பேசுவதற்காக எழுத ஆரம்பித்தார், பேசவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை. பாதியில் நின்ற அந்தக் கையெழுத்துப் பிரதி அவர் இறந்த பிறகு 1958ல் சிறு புத்தகமாக வந்தது. நோய் மூளையையும் தொட்டபோது அவர் உடல் வலியை விட அதற்குத்தான் பயந்தார். மகள் மெரினா, பின்னாளில் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண், அப்போது 21 வயது, மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தார். ஏழும் நான்கும் எவ்வளவு என்பது போலச் சின்னச் சின்னக் கூட்டல் கணக்குகளைத் தன்னிடம் கேட்கச் சொன்னார் வான் நியூமன், இன்னும் கணக்கு வருகிறதா என்று பார்க்க. சில நிமிடம் கேட்டிருக்கிறார் மெரினா. அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விட்டார்.